குற்றத்தின் கூறுகள்: செயலும் சித்தமும்

சட்டம் விலக்கிய ஒரு செயலை எதிரி செய்தான் என்பதையும், அதைச் செய்கையில் குற்றத்துக்குரிய எண்ணம் அவன் சித்தத்தில் இருந்தது என்பதையும் அரசுத் தரப்பு ஒருங்கே நிரூபித்தாலன்றி அவனைத் தண்டிக்கலாகாது என்பது குற்றவியல் சட்டத்தின் பொதுவிதியாகும். மெக்காலேயின் தலைமையில் 1837-இல் வரையப்பெற்று, 1860-இல் நிறைவேறி, 2024 ஜூலை முதல் நாளில் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடங்கொடுத்த இந்தியத் தண்டனைச் சட்டம் இதனைத் தனியொரு பிரிவாக வகுக்கவில்லை. ‘உட்கருத்துடன்’, ‘அறிந்து’, ‘மோசடியாக’ என்று ஒவ்வொரு குற்றத்தின் இலக்கணத்திலேயே எண்ணத்தையும் பதித்துவிட்டது.

செயல் என்பது சட்டவிரோதமான செய்யாமையையும் தழுவும். ஆறு மணி நேரத்துக்கு ஒருவராக முறைவைத்துக் கைதியைக் காக்கும் இரு சிறைக்காவலர், அவன் சாகவேண்டுமென்று கருதி, தத்தம் முறையில் உணவளிக்காது விட, அவன் பட்டினியால் மாண்டால், இருவரும் கொலைஞரே என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் உதாரணம் கூறியது. மனத்தளவில் நின்ற எண்ணமோ தண்டனைக்குரியதன்று. ஆயத்தத்தைக்கூடச் சட்டம் பெரும்பாலும் விட்டுவிடுகிறது, கூட்டுக்கொள்ளைக்கான ஆயத்தம் போன்ற சிலவற்றையே தண்டிக்கிறது.

இவ்விரு கூறுகளும் ஒரே காலத்தில் கூடியிருக்க வேண்டும் என்னுமிடத்திலேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 1919-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்த்த பழனிக் கவுண்டன் வழக்கில், எதிரி தன் மனைவியின் தலையில் கலப்பைக் கொழுவால் அடித்தான். மூர்ச்சையுற்று விழுந்தவளை இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலையெனத் தோன்றும்படி உத்தரத்தில் தூக்கிக் கட்டினான். அவள் உயிர் போனதோ அடியினாலன்று, கழுத்து இறுகியதால் என்று வைத்திய சாட்சியம் காட்டியது. அடித்தபோது கொல்லும் கருத்து இருந்ததாக நிரூபணமில்லை. தொங்கவிட்டபோதோ அவன் எண்ணத்தில் அது பிரேதம். பிரேதத்தைக் கொல்ல ஒருவன் கருத முடியாது என்று கண்ட நீதிபதிகள், கொலைக்குற்றத்தை நீக்கிக் கொடுங்காயக் குற்றத்துக்கே தண்டித்தார்கள். ஆனால் 1943-இல், கொல்லும் கருத்துடனேயே தாக்கி, இறந்ததாக எண்ணிக் கிணற்றில் தள்ளிய வழக்கில், இரு செயல்களும் ஒரே தொடர்ச்சி என்று அதே நீதிமன்றம் கொலைத்தீர்ப்பே அளித்தது. பசுட்டோலாந்திலிருந்து வந்த தாபோ மேலி வழக்கில், 1954-இல் பிரிவி கவுன்சிலும் இவ்வழியையே பின்பற்றியது. இரண்டாம் செயலின்போது எதிரியின் மனநிலை இருவகை வழக்கிலும் ஒன்றே என்ற ஆட்சேபம் தர்க்கத்துக்குப் பொருந்தினும், கொல்லத் துணிந்தவன் தன் பிழையான நம்பிக்கையையே கவசமாக்கித் தப்பவிடாத பின்னைய தீர்ப்புகளே நியாயத்துக்கு நெருங்கியவை.

பொருளாதாரச் சட்டங்களில் எண்ணத்தின் இடம் சுருங்கிவிடுகிறது. 1962 நவம்பர் 24-இல் வெளியான, தங்கம் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்திய ரிசர்வ் வங்கி அறிவிக்கையை அறியாமல், 28-ஆம் தேதி ஜூரிச்சிலிருந்து மணிலா செல்லும் விமானத்தில் 34 கிலோ தங்கத்துடன் பம்பாய் வந்தடைந்த பிரயாணியை உயர்நீதிமன்றம் விடுவித்தது. உச்சநீதிமன்றமோ, நீதிபதி சுப்பாராவ் மாறுபட்ட போதிலும், பெரும்பான்மையால் குற்றவாளியென்றே தீர்த்து, அதுவரை அவர் அனுபவித்த சிறைவாசத்தோடு தண்டனையை நிறுத்திக்கொண்டது.