ஹெச்பிவி பாசிட்டிவ் என்றால் கேன்சரா? கணவரைச் சந்தேகப்படணுமா? பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்குப் போன ஒரு பெண்ணின் கையில் 'ஹெச்பிவி பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால், உடனே இரண்டு பயம் வரும். ஒன்று, 'எனக்கு கேன்சரா?' இன்னொன்று வெளியில் கேட்கவே கூச்சப்படும் கேள்வி: 'இது யார்கிட்ட இருந்து வந்தது?' இந்த இரண்டுக்கும் பயந்தே பரிசோதனைப் பக்கம் போகாத பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். ஆனால், முன்கூட்டியே தடுக்கக்கூடிய புற்றுநோய்களில் முக்கியமானது இதுதான். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஹெச்பிவி என்றால் என்ன?

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கம்தான் ஹெச்பிவி. இது ஒரே ஒரு வைரஸ் அல்ல. 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு பெரிய குடும்பம். கை, காலில் வரும் சாதாரண மருவுக்குக் காரணமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்தான்.

பாலியல் தொடர்பு மூலம் பரவும் வகைகளில் இரண்டு பிரிவு உண்டு. 6, 11 ஆகிய வகைகள் பிறப்புறுப்பில் மருவை உண்டாக்கும். புற்றுநோயாக மாறுவது மிக அரிது. 16, 18 போன்றவைதான் ஆபத்தானவை. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம். ஹெச்பிவிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பாசிட்டிவ் என்றால் கேன்சரா?

இல்லை. பாலியல் உறவில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வரும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 10-ல் 9 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பு சக்தியே இதைச் சரிசெய்துவிடும்.

ஆபத்தான வகை வைரஸ் உடலை விட்டுப் போகாமல் வருடக்கணக்கில் தங்கினால்தான் சிக்கல். அப்போது கர்ப்பப்பை வாயில் உள்ள செல்கள் மெதுவாக மாறத் தொடங்கும். அது புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு, குறிப்பாக சிகிச்சை எடுக்காத ஹெச்ஐவி நோயாளிகளுக்கு, 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வரலாம். புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

அதாவது, நமக்குக் கிடைக்கும் அவகாசம் ரொம்பப் பெரிது. அதைப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

'யார்கிட்ட இருந்து வந்தது?'

இந்தக் கேள்விக்கு எந்தப் பரிசோதனையாலும் பதில் சொல்ல முடியாது. இந்த வைரஸ் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் இருக்கலாம். இன்று பாசிட்டிவ் என்று வந்தால், தொற்று போன மாதமும் வந்திருக்கலாம், பத்து வருடத்துக்கு முன்பும் வந்திருக்கலாம். எனவே, ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கணவர் மனைவியையோ, மனைவி கணவரையோ சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை. ஒரே துணையுடன் வாழும் பெண்ணுக்கும் இது வரலாம்.

தோலோடு தோல் உரசும் நெருக்கத்தாலேயே பரவும் என்பதால் ஆணுறை அணிந்தாலும் ஆபத்து குறையுமே தவிர, முழுப் பாதுகாப்பு கிடைக்காது. கூடச் சேர்ந்து சாப்பிடுவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ பரவாது.

தாம்பத்யம், கர்ப்பம் பாதிக்குமா?

ஹெச்பிவி இருப்பதாலேயே குழந்தை பிறக்காமல் போகாது. தாம்பத்யத்தை நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. பிறப்புறுப்பில் மரு இருந்தால் அரிப்பு, எரிச்சல் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் அது பெரிதாகவும் செய்யலாம். மருந்து அல்லது சிறிய சிகிச்சை மூலம் நீக்கிவிடலாம். கடையில் விற்கும் சாதாரண மரு மருந்தை அந்த இடத்தில் தடவவே கூடாது.

செல் மாற்றத்துக்காக கர்ப்பப்பை வாயில் ஒரு பகுதியை அகற்றியவர்களுக்கு, பின்னால் குறைப்பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். அதனால் கர்ப்பமானதும் அந்த விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அலட்சியம் கூடாத அறிகுறிகள்

* உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு
* மாதவிடாய் இல்லாத நாட்களில் ரத்தப்போக்கு
* மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுதல்
* துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்
* தொடர்ந்து இடுப்பு வலி, உறவின்போது வலி

இவை எல்லாமே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் 'சூடு'ன்னு சொல்லி வீட்டு வைத்தியத்தில் மாதங்களை ஓட்டிவிடக் கூடாது. இன்னொன்று, ஆரம்பக் கட்டத்தில் அறிகுறியே இருக்காது. அதனால்தான் பரிசோதனை முக்கியம்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

30 வயதைத் தாண்டிய பெண்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மூன்று முறைகள் உள்ளன. அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது ஒன்று. செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியர் இன்னொன்று. மூன்றாவது, வைரஸையே கண்டறியும் ஹெச்பிவி டிஎன்ஏ டெஸ்ட். எல்லாமே சில நிமிடங்களில் முடிந்துவிடும்; கொஞ்சம் அசௌகரியம் இருக்கலாம், மயக்க மருந்து தேவையில்லை.

இதில் முதல் முறை எவ்வளவு பலன் தரும் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம்ம திண்டுக்கல் மாவட்டம். அங்கு 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2007-இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே கர்ப்பப்பை வாய் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

இருந்தும் நிலைமை என்ன? 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 9.8 சதவீதம் பேர்தான் இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கிறார்கள். இந்திய அளவில் 1.9 சதவீதம்தான்.

தடுப்பூசி யாருக்கு?

9 முதல் 14 வயதுக்குள், பாலியல் உறவு தொடங்கும் முன்பே போடுவதுதான் சிறந்தது. 20 வயது வரை ஒரே டோஸும் போதுமான பாதுகாப்பு தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. அதற்கு மேல் வயதானவர்களும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பலன் குறைவாக இருக்கும். ஆண்களுக்கும் இந்த வைரஸால் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு புற்றுநோய் வரலாம் என்பதால் பையன்களுக்கும் போடலாம்.

சீரம் நிறுவனம் தயாரித்த இந்தியத் தடுப்பூசியான 'செர்வாவாக்' 2023-இல் அறிமுகமானது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாகத் தடுப்பூசி போட, 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது.

'இந்த வயசுல எதுக்கு?' என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதிலேயே தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வரவில்லை என 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தடுப்பூசி ஏற்கெனவே வந்த தொற்றைக் குணப்படுத்தாது. எல்லா வகைகளையும் தடுக்கவும் செய்யாது. எனவே, ஊசி போட்டிருந்தாலும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை அவசியம். மகளுக்கு ஊசி போட அழைத்துப் போகும் நாளில், அம்மாவும் தனக்கான பரிசோதனையைக் கேட்டு முடித்துவிட்டு வரலாம்.