ஆய்க்குடிப் பட்டறையிலிருந்து ஒரு ஸ்ப்ளின்ட்

முதலில் ஒரு கால் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் கால். குதிகால் தரையில் படாமல் விரல் நுனியிலேயே விறைத்து நிற்பது. அந்தக் காலில் மெல்லிய காலுறையை மாட்டி, நனைத்த மாவுக்கட்டுத் துணியை முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை சுற்றுகிறார்கள். ஒருவர் பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கட்டு இறுகியதும் முன்பக்கம் கீறிக் கழற்றினால், உள்ளே வெற்றிடமாக ஒரு கால் இருக்கும். அதில் மாவுக்கலவையை ஊற்றி, காய்ந்தபின் அரத்தால் தேய்த்துச் சரிசெய்தால் வார்ப்பு தயார். சாரல் மாதங்களில் இந்த வார்ப்பு காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் வருகிறது. வெள்ளை பாலிபுரோப்பிலீன் தகட்டை அடுப்பில் வைத்தால், பால் நிறம் போய்க் கண்ணாடிபோல மறுபக்கம் தெரியத் தொடங்கும். அதுதான் பதம். சட்டென எடுத்து வார்ப்பின் மேல் போர்த்தி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினால் கணுக்கால் எலும்பின் மேடுவரை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆறியபின் வெட்டி, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்து, வெல்க்ரோ பட்டை தைத்தால் கணுக்கால் ஸ்ப்ளின்ட்.

தென்காசியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆய்க்குடியில், அமர் சேவா சங்கத்தின் வளாகத்தில் இந்த மாதிரி உதவிக் கருவிகளுக்கென்றே ஒரு பட்டறை உண்டு. சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. தமக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலேயே 1981இல் சங்கத்தைத் தொடங்கினார். அது ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. பின்னால் வந்து சேர்ந்த சங்கர ராமன், தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்தபடியே நிர்வாகத்தைத் தோளில் ஏற்றுக்கொண்ட ஆடிட்டர். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சங்கம் தொடங்கிய காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போலியோ. துவண்ட காலைத் தாங்க இரும்புக் கம்பி, தோல் வார், கனத்த ஷூ என்று கேலிப்பர் போட்டார்கள். சாரலில் இரும்பு துருப்பிடிக்கும், தோல் பூஞ்சை பூக்கும். 2011 ஜனவரியோடு இந்தியாவில் போலியோ நின்றது. 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்ற சான்றிதழும் வந்தது. இப்போது கால் துவண்டு வருகிற பிள்ளைகளைவிட விறைத்து வருகிற பிள்ளைகள் அதிகம். குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை போன்றவற்றால் மூளையில் பட்ட காயம் அது: பெருமூளை வாதம். காயம் மேற்கொண்டு பரவுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு விறைத்த கெண்டைச்சதை வளராது; குதிகாலை மேலே இழுத்துக்கொண்டே போகும். அதற்கு இடம் கொடுக்காமல் பாதத்தைத் தரையில் நிறுத்துவதுதான் ஸ்ப்ளின்டின் வேலை. நடக்கவைப்பது அதன் வேலையல்ல. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பட்டறையை விட்டு வெளியேறிய ஸ்ப்ளின்டுக்கு அடுத்த பரீட்சை வீட்டுவாசல். அடியில் ரப்பர் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் சிமென்ட் தரையில் வழுக்கும். ரப்பர் ஒட்டினால் அது செருப்பு. செருப்போடு பிள்ளை சாமி படத்தருகே போகலாமா?

“பச்சப்புள்ள காலுல ஏன்ளா வெலங்கு மாட்டிருக்கிய?” என்று ஆச்சி கேட்பார். எண்ணெய் தேய்த்து, குற்றாலத்தில் நாலு நாள் அருவித் தண்ணீர் பட்டால் நரம்பு தானே இளகும் என்பது அவர் கட்சி. மலையில் மூலிகை பட்டு வருகிற தண்ணீரல்லவா! எனக்கு ஆச்சியைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர் கை எண்ணெய் தேய்க்கும் பதம் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, தேய்க்கட்டும். ஆனால் எண்ணெயும் அருவியும் மட்டும் போதுமென்று இரண்டு வருடத்தைக் கடத்தினால், அந்த இரண்டு வருடம் திரும்ப வராது.

தெரபிக்கு வாரம் ஒரு மணி நேரம் போனாலும் மீதி 167 மணி நேரம் பிள்ளை வீட்டில்தான். அதனால்தான் சங்கத்தின் மறுவாழ்வுப் பணியாளர்கள், பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள், வீடு தேடிப் போகிறார்கள். பிள்ளையின் முன்னேற்றத்தைக் கைக்கருவியிலுள்ள ஒரு செயலியில் பதிந்து வைத்தால் தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார். ஆனால் ஆச்சியிடம் செயலி பேசாது. “ஆச்சி, இது போட்டிருக்கிற நேரத்துல நீங்கதான் அவனை நிக்கவச்சுக் கதை சொல்லணும்” என்று ஒரு பொறுப்பைக் கொடுக்கத் தெரிந்த பணியாளர்தான் ஜெயிக்கிறார்.

இந்தப் பக்கத்து அம்மாக்கள் பலர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டு, கையில் இலை, கண் எண்ணிக்கையில். “காலையில் ஒரு மணி நேரம் மாட்டுங்கள்” என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் மறந்துபோகும். “நாலு கட்டு சுத்தி முடிக்கிற வரைக்கும் போட்டிருக்கட்டும்க்கா” என்றால் மறக்காது. பிள்ளை சுவரோரம் ஸ்டூலைப் பிடித்து நிற்கும். கட்டு முடிந்ததும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த தடம் அரைமணி நேரத்தில் மறைந்துவிட்டால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தைச் சூடுகாட்டித் தளர்த்தப் பட்டறைக்கே திரும்ப வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதால் புண்ணாகி, பயந்துபோய்ப் பரணில் ஏற்றப்பட்ட ஸ்ப்ளின்டுகள் எத்தனையோ.

ஒழுங்காக உழைத்த ஸ்ப்ளின்டைப் பார்த்தாலே தெரியும். வெல்க்ரோவில் நூலும் தலைமுடியும் சிக்கியிருக்கும், ரப்பர் ஒருபக்கம் தேய்ந்திருக்கும், பெருவிரல் விளிம்பைத் தாண்டி வெளியே வந்திருக்கும். ஒரு வருடத்துக்குள் அளவு போதாமல் போவது நல்ல சேதி. மறுபடி மாவுக்கட்டு, மறுபடி அடுப்பு. ஒரு வருடம் கழித்தும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தால், தோற்றது பிளாஸ்டிக் அல்ல. வீட்டாருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

“ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் நடக்கும்” என்கிற ஆறுதலை மட்டும் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். நாலு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால், அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அவர்கள் வர நாளாகும் என்றால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த சாரல் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.