பெயரற்ற ஓவியரும் பழந்தாள் சேகரிப்போரும்

குறுந்தொகையைப் பயின்றோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பாடலை இயற்றிய புலவரின் இயற்பெயர் மறைந்துபோன இடங்களில், அப்பாடலில் அமைந்த அரிய தொடர் ஒன்றையே அவருக்குப் பெயராக்கி வழங்கினர் முன்னோர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார் போன்ற பெயர்கள் அவ்வாறு தோன்றியவையே. பெற்றோர் இட்ட பெயர் போயிற்று. பாட்டு ஈந்த பெயர் நிலைத்தது. இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று இருபதாம் நூற்றாண்டில், இலக்கியம் என்று எவரும் மதியாத ஓர் இடத்தில், அமெரிக்க நாட்டின் பத்து செண்டுப் படக்கதை ஏடுகளின் உலகில் நடந்தது. அங்கே மறைந்த பெயர்களைத் தேடி மீட்டவர்கள் கற்றோர் அவையினர் அல்லர்; பழந்தாள் சேர்ப்போர் என்று எள்ளப்பட்ட எளிய வாசகர்களே. அவர்கள் ஆற்றியது வரலாற்றுப் பணி என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையில் இந்திரஜால் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் ஆகியவற்றை விரும்பிப் படித்தவன் நான். ஆயினும் அப்படங்களை வரைந்தவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பின்னர் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, நான் எழுதிய வரைவுகள் வேறொருவர் கையொப்பத்துடன் வெளிச்செல்வதை நாள்தோறும் கண்ட பிறகே அக்கேள்வி என்னுள் எழுந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அலுவலக நடைமுறை அதுவே. எனினும், எழுதியவர் ஒருவர், பெயருக்குரியவர் வேறொருவர் என்ற வழக்கம் வேறு எங்கெல்லாம் இருந்தது என்று ஆராயப் புகுந்தபோதுதான் அமெரிக்கப் படக்கதைகளின் வரலாறு என் கருத்தைக் கவர்ந்தது.

தாளின் வாழ்வும் தாழ்வும்

நாளிதழ்களில் வந்த சித்திரத் தொடர்களைத் தொகுத்து விற்பதில் தொடங்கிய இவ்வேடுகள், 1930-களின் பிற்பகுதியில் புதுக்கதைகளைத் தாங்கி வரலாயின. 1938 ஜூன் எனத் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். மறு ஆண்டு மே மாத ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழில் பேட்மேன் தோன்றினான். மலிவான மரக்கூழ்த் தாள், நான்கு வண்ண அச்சு, பத்து செண்டு விலை. படித்தபின் எறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. மரக்கூழில் உள்ள அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி ஒடியச் செய்யும். தைத்த கம்பி துருவேறும்.

இயற்கை மெல்லச் செய்ததை மனிதர் விரைந்து செய்தனர். இரண்டாம் உலகப்போரின்போது நடந்த பழந்தாள் திரட்டும் இயக்கங்களில் இவ்வேடுகள் மூட்டை மூட்டையாகக் கூழாக்கச் சென்றன. போருக்குப் பின், இவை சிறுவர் மனத்தைக் கெடுக்கின்றன என்ற அச்சம் பரவவே, 1948-இல் சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே இவற்றைக் குவித்துத் தீயிட்டனர். 1954-இல் உளமருத்துவர் பிரெடரிக் வெர்த்தாம் இவற்றைக் கண்டித்து நூல் எழுதினார். அவ்வாண்டே அமெரிக்கச் செனட் சபையின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. அஞ்சிய வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை நெறி ஒன்றை வகுத்துக்கொண்டனர். பல நிறுவனங்கள் மூடின; ஓவியர் பலர் வேறு தொழில் நாடினர்.

தாளின் நிலை இதுவாயின், வரைந்தவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. கதை எழுதுபவர், பென்சிலால் வரைபவர், மையிடுபவர், எழுத்துப் பொறிப்பவர், வண்ணம் குறிப்பவர் எனப் பலர் கைமாறி ஒரு பக்கம் உருவாகும். பக்கக் கணக்கில் கூலி உண்டு; பெயர் பெரும்பாலும் இல்லை. வில்லியம் கெய்ன்ஸ் நடத்திய ஈ.சி. நிறுவனம் இதற்கு ஒரு விலக்கு. அது ஓவியர் கையொப்பமிட இடம் தந்தது. அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிட்டது. மூல ஓவியங்களையும் பாதுகாத்தது.

நல்ல வாத்து ஓவியர்

டொனால்டு டக் என்னும் வாத்தின் கதைகள் மாதந்தோறும் பல இலட்சம் வீடுகளுக்குச் சென்றன. அவற்றில் அச்சான ஒரே பெயர் வால்ட் டிஸ்னி என்பதே. ஆயினும் கூர்ந்து நோக்கிய சிறுவர் சிலர், எல்லாக் கதைகளும் ஒரு கையின் வேலை அல்ல என்பதை உணர்ந்தனர். ஒருவர் வரைந்தவற்றில் மட்டும் வாத்தின் முகத்தில் கோபமும் நாணமும் பேராசையும் தெளிவாகத் தெரிந்தன. பின்னணியில் மலையும் கடலும் பாழடைந்த கோட்டையும் மெய்யாக நின்றன. கதையும் வலுவாக அமைந்தது. அவர் பெயர் அறியாத நிலையில், ‘நல்ல வாத்து ஓவியர்’ என்றே அவரைத் தமக்குள் குறித்துக்கொண்டனர். குறுந்தொகைப் புலவருக்கு நேர்ந்ததும் இதுவன்றோ?

அவர் கார்ல் பார்க்ஸ். 1901-இல் ஆரிகன் மாநிலத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்து, பல கூலி வேலைகள் செய்து, 1935-இல் டிஸ்னியின் படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்தவர். 1942-இல் அதைவிட்டு நீங்கினார். அதன்பின் 1966-இல் ஓய்வு பெறும்வரை வீட்டில் அமர்ந்து ஏறத்தாழ ஐந்நூறு கதைகளைப் படைத்தார். நாணயக் குவியலில் நீந்தி மகிழும் கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜ் மெக்டக் 1947-இல் அவர் படைத்த பாத்திரம். தொலைநாடுகளை அவர் நேரில் கண்டவர் அல்லர்; ‘நேஷனல் ஜியாகிராபிக்’ இதழ்களைப் பார்த்தே அவற்றைத் தீட்டினார்.

1960-இல், அவருக்கு ஐம்பத்தொன்பது வயதாகும்போது, அவர் பெயரையும் முகவரியையும் முயன்று அறிந்த ஓர் இளைஞரின் கடிதம் வந்து சேர்ந்தது. நண்பர் எவரோ கேலி செய்கிறார் என்றே முதலில் பார்க்ஸ் எண்ணினாராம். தம் கதைகளை ஒருவர் வரிசைப்படுத்திக் காத்து வைத்திருக்கிறார் என்பதை அவரால் நம்ப இயலவில்லை. பின்னர் வாசகர்கள் நேரில் வந்தனர். அவர் வரைந்த கதைகளின் பட்டியலைத் தொகுத்தனர். 1983 முதல் 1990 வரை அவர் கதைகள் முப்பது தொகுதிகளாக வெளிவந்தன. 2000-ஆம் ஆண்டில், தொண்ணூற்றொன்பது வயதில், உலகறிந்த ஓவியராக அவர் மறைந்தார். சேகரித்தோர் இலராயின், அவர் யாரென்றே உலகம் அறியாது போயிருக்கக்கூடும்.

காசோலையும் கையொப்பமும்

சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள். 1938 மார்ச்சில் தம் நாயகனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். பிற கதைகளுக்கான தொகையும் சேர்த்து 412 டாலருக்குக் காசோலை வந்தது. அதன் முகப்பில் இருவர் பெயரும் பிழையாக எழுதப்பட்டிருந்தன. எனவே பின்புறத்தில் பிழையான பெயரில் ஒரு முறையும், சரியான பெயரில் ஒரு முறையும் கையொப்பமிட்டுப் பணம் பெற்றனர். பிற்கால வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை வேறில்லை. வழக்குகளில் தோற்று, இதழிலிருந்து பெயரும் நீங்கி, ஷூஸ்டர் கண்பார்வை குன்றி வாடினார். ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் ஆகிய ஓவியர்கள் அவர்களுக்காகக் குரல் எழுப்பினர். 1975 டிசம்பரில் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வழங்கவும், அவர்கள் பெயரை மீண்டும் அச்சிடவும் இசைந்தது. அதே காசோலை 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

பேட்மேனின் வரலாறு இன்னும் துயரமானது. பாப் கேன் என்ற ஓவியரின் பெயர் மட்டுமே பொறிக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். நாயகனின் தோற்றத்துக்கும் கதைக்கும் பெரிதும் காரணரான பில் ஃபிங்கரின் பெயரோ வெளித்தெரியவில்லை. டெட்ராய்ட் நகரின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜெர்ரி பெய்ல்ஸ் பழைய படக்கதைகளைச் சேர்ப்பவர். 1961-இல் ‘ஆல்டர் ஈகோ’ என்னும் வாசகர் இதழைத் தொடங்கியவர். அவர் 1965-இல் ஃபிங்கரின் பங்கை எடுத்துக்காட்டி எழுதினார். கேன் சினந்து மறுப்பு எழுதினார். ஃபிங்கர் 1974-இல் புகழின்றி இறந்தார். எனினும் அச்சிறு கட்டுரை இட்ட வித்து வீண்போகவில்லை; 2015-இல் நிறுவனம் ஃபிங்கரின் பெயரையும் சேர்த்து அச்சிட ஒப்புக்கொண்டது. இடையில் கழிந்தவை ஐம்பது ஆண்டுகள்!

பெய்ல்ஸ் அத்துடன் நில்லாமல், படக்கதைகளில் உழைத்தோர் அனைவரின் பெயரையும் பணியையும் தேடித் திரட்டி, 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக, ஹேம்ஸ் வேர் என்பவருடன் இணைந்து வெளியிட்டார். கோட்டின் அழுத்தம், விரல்களை வரையும் முறை, நிழலிடும் பாங்கு ஆகியவற்றைக் கொண்டு வரைந்தவரைத் துணியும் கலையை இத்தகையோரே வளர்த்தனர். 1994-இல் தொடங்கிய ‘கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்’ இப்பணியைத் தொடர்கின்றது. ஐயமுள்ள பெயரின் பக்கத்தில் அதில் ஒரு கேள்விக்குறி இடுவர். அக்கேள்விக்குறியில் ஆய்வு நேர்மை விளங்கக் காண்கிறோம்.

விலையும் மதிப்பும்

சேகரிப்பில் வணிகமும் புகுந்தது. 1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். பழைய ஏடு ஒவ்வொன்றுக்கும் நிலைமைக்கேற்ற விலை வகுக்கப்பட்டது. 2024-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு படி 60 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 130 டாலரை நினைவிற்கொள்வோருக்கு இத்தொகை மகிழ்ச்சி தருமா என்பது ஐயமே. 2000-ஆம் ஆண்டு முதல், தரம் மதிப்பிட்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் நிலையாக அடைத்துத் தரும் நிறுவனமும் தோன்றியது. அவ்வாறு அடைத்த ஏட்டைக் காணலாம், புரட்ட இயலாது. படிக்க இயலாத நூலைக் காப்பது பொன்னைக் காப்பது போன்றது. நூலைக் காப்பது ஆகாது.

இதற்கு மாறாக, டென்வர் நகரில் வாழ்ந்த எட்கர் சர்ச் என்பவரை எண்ணிப் பார்க்க வேண்டும். அவரும் ஓர் ஓவியரே. விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்தவர். தம் தொழிலுக்கு உதவும் என்று பல்லாயிரம் படக்கதை ஏடுகளை வாங்கி அடுக்கி வைத்தார். 1977-இல் அவர் குடும்பத்தார் அவற்றை விற்க முற்பட்டபோது, கடையிலிருந்து அன்றுதான் வந்தவை போல் ஏடுகள் ஒளிர்ந்தன. டென்வரின் உலர்ந்த காற்றும், இறுக அடுக்கிய முறையும், வெளிச்சம் படாத இடமும் அவற்றைக் காத்தன. பெயரறியா ஓவியர் பலரின் உழைப்பை, பெயரறியா ஓவியர் ஒருவரே காத்துத் தந்தார். விலையை அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

எங்கள் அலுவலகப் பதிவறையிலும் அவ்வப்போது பழங்கோப்புகளைக் கழிக்கும் பணி நடைபெறும். காக்க வேண்டியவை ‘ஏ’, ‘பி’ வகை. குறித்த காலம் கடந்ததும் அழிக்க வேண்டியவை ‘சி’ வகை. அப்பணி என்னிடம் வந்தபோது, ‘அழிக்கலாம்’ என்று எழுதுமுன் குறிப்பின் இடப்புறத்தில் யாரோ ஓர் எழுத்தர் இட்ட சுருக்கொப்பத்தைப் படிக்க முயன்றேன். மை மங்கியிருந்தது, ஓரெழுத்து மட்டும் தெரிந்தது. விதிப்படி கோப்பு கழிக்கப்பட்டது. அந்த ஓரெழுத்தை மட்டும் என் நாட்குறிப்பில் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறேன்.