பொறியும் செவியும்: பழைய கார் வானொலியின் கதை

தமிழில் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. தீயிலிருந்து தெறிப்பது பொறி, இயந்திரமும் பொறி, கண், செவி முதலிய புலன்வாயில்கள் ஐம்பொறிகள். இம்மூன்று பொறிகளும் ஒன்றோடொன்று பிணங்கிக்கொண்ட இடம் பழைய மோட்டார் காரின் வானொலிப் பெட்டி. காருக்குள் வானொலி வந்த கதையைப் பொழுதுபோக்கின் வரலாறாகவோ வணிகத்தின் வரலாறாகவோ எழுதுவதே வழக்கம். ஓர் இயந்திரம் தன் இரைச்சலைத் தானே அடக்கக் கற்றுக்கொண்ட வரலாறாகவும் அதைப் படிக்கலாம்.

கம்பியில்லாத் தந்தி பிறந்ததே தீப்பொறியில்தான். 1887, 1888 ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் ஒரு சிறு இடைவெளியில் மின்பொறியைத் தாவச் செய்து, அதிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அலைகள் பரவுவதை மெய்ப்பித்தார். மார்க்கோனி தொடக்க காலத்தில் செய்திகளை அனுப்பியதும் பொறியைக் கொண்டே. ஆனால் பொறிக்கு ஒரு குணக்கேடு உண்டு. தனக்கென ஓர் அலைநீளத்தோடு அது நிற்பதில்லை. அண்டை அலைகளின்மீதும் பரவி, பிறர் பேச்சை மூழ்கடித்துவிடும். வால்வுகள் வந்தபின் இத்தொல்லை பொறுக்க முடியாததாயிற்று. 1927-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, பொறி பரப்பிகளைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது.

வானிலிருந்து பொறியை வெளியேற்ற உலகம் முனைந்த அதே காலத்தில், தெருக்களில் அது பல்கிப் பெருகிக்கொண்டிருந்தது. பெட்ரோல் எஞ்சினின் உயிர் ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் பொறி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழன்றால், நொடிக்கு 100 பொறிகள் தெறிக்கும். பிளக்கிற்குச் செல்லும் கம்பிகளே ஏரியலாகி அவ்வலைகளைப் பரப்பும். ஆகவே ஒவ்வொரு காரும் உரிமம் பெறாத ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். அதற்கு மிக அருகில் இருக்கும் நேயர், அதே காரின் வானொலிப் பெட்டி.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின், ஜோசஃப் கால்வின் சகோதரர்கள் 1930-இல் எதிர்கொண்டது இந்தச் சிக்கலைத்தான். அவ்வாண்டு ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடந்தது. அரங்கினுள் அவர்களுக்கு இடமில்லை. பால் கால்வின் தம் காரிலேயே வானொலியைப் பொருத்தி ஓட்டிச் சென்று, வெளியே நிறுத்தி, வருவோர் போவோரைக் கேட்கச் செய்தார். அப்பெட்டிக்கு இட்ட மோட்டோரோலா என்னும் பெயரே 1947-இல் நிறுவனத்தின் பெயராயிற்று. ஐரோப்பாவில் 1932-இல் ஜெர்மனியின் பிளாவ்புங்க்ட் நிறுவனம் ‘ஆட்டோசூப்பர்’ பெட்டியை வெளியிட்டது. அதன் எடை சுமார் 15 கிலோ. விலை 365 மார்க்.

அப்பெட்டியை வாங்குவது எளிது. அதைப் பேசவைப்பதுதான் கடினம். பழைய கார்களை மீட்டெடுப்போர் இன்றும் அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்கிறார்கள். வைத்தியர் நாடி பார்ப்பது போல் அவர்கள் இரைச்சலின் வகை பார்க்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ‘டிக் டிக்’ என்ற ஓசை விரைந்தால் குற்றம் பிளக்கிலோ டிஸ்ட்ரிபியூட்டரிலோ இருக்கிறது. சுருதி ஏறுவதுபோல் ஒரு முனகல் எழுந்தால் அது டைனமோ. எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டபோதும் கரகரப்பு நீடித்தால், சக்கரங்களில் சேரும் நிலைமின்சாரத்தையோ தளர்ந்த உலோக இணைப்புகளையோ ஐயுற வேண்டும். வண்டி அசையாது நிற்கும்போதும் ரீங்காரம் கேட்டால், குறைந்த அழுத்த பாட்டரி மின்சாரத்தை உயரழுத்தமாக்க உதவும் வைப்ரேட்டர் பெட்டிக்குள்ளேயே முரண்டுபிடிக்கிறது. ஏரியல் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது அடுத்த சோதனை. இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியே நுழைகிறது. நிற்காவிட்டால் பெரும்பாலும் மின்கம்பி வழியே நுழைகிறது.

மருந்துகளும் பழையவையே. பிளக் கம்பியில் ஒரு மின்தடை, டைனமோவில் ஒரு கண்டென்சர், பானெட்டுக்கும் உடலுக்கும் இடையே ஒரு செப்புப் பட்டை. மின்தடை பொறியை அணைப்பதில்லை. பொறி தெறித்தபின் கம்பியில் எழும் அதிர்வை மட்டும் தணிக்கிறது. எஞ்சினுக்கு வேண்டிய நெருப்பு எஞ்சினில் இருக்கும். அதன் ஆரவாரம் செவிக்கு எட்டாது.

இரைச்சல் ஒரு பாதி என்றால், நலிந்த ஒலி மறு பாதி. தொடக்கக் கார்களின் கூரை துணியால் ஆனது. அதனுள் மறைத்த கம்பிவலையே ஏரியலாயிற்று. 1935-ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தபோது, அலைகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. ஏரியல் படிப்பலகையின் அடிக்கு இறங்கியது. பின்னர் வெளியே நிமிர்ந்து நிற்கும் கோலாயிற்று. அக்கோலின் அடியில் துரு ஏறினால் வண்டியின் உடலோடு தொடர்பு அறுந்து ஒலி மங்கும். துருவை நீக்கி, 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு நலிந்த நிலையத்தைப் பிடித்து, பெட்டியிலுள்ள சிறு டிரிம்மர் திருகைத் திருப்பி, ஒலி உச்சம் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். 1953-இல் வந்த கார்வெட்டின் கதை நேர்மாறானது. கண்ணாடியிழை உடலால் ஏரியலைப் பெட்டிக்கதவின் உள்ளேயே மறைக்க முடிந்தது. ஆனால் பொறியின் அலைகளைத் தடுக்க எஞ்சினுக்கு உலோகக் கவசம் தனியே தேவைப்பட்டது.

பின்வந்த காலம் அமைதியைத் தேடியது. இரைச்சலைப் பெரிதும் வெல்லும் பண்பலை முறையை எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1935-இல் செய்துகாட்டினார். 1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் அறிவித்த முழு டிரான்சிஸ்டர் கார் வானொலி, வைப்ரேட்டரின் ரீங்காரத்திற்கு முடிவுகட்டியது. பூசல் தீர்ந்தது என்றே தோன்றியது.

தீரவில்லை. மின்சாரக் காரில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆனால் மோட்டாரை இயக்க மின்சாரத்தை விரைந்து வெட்டி ஒட்டும் கருவிகள் மத்திய அலையில் மீண்டும் இரைச்சலைக் கொட்டுகின்றன. சில நிறுவனங்கள் அதை அடக்குவதற்குப் பதிலாக மத்திய அலையையே காரிலிருந்து நீக்கின. 2023-இல் அமெரிக்காவில் ஃபோர்டு அவ்வாறு நீக்க முற்பட்டு, எதிர்ப்பு எழவே பின்வாங்கியது. பேரிடர்க் காலத்தில் தொலைதூரம் எட்டும் குரல் அதுவே என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

பழைய காரை மீட்டெடுப்பவரின் நிலை இன்னும் நுட்பமானது. ஜெர்மனியில் டாய்ச்லாண்ட்ஃபுங்க் தன் மத்திய அலை ஒலிபரப்பை 2015 டிசம்பர் 31-இல் நிறுத்திக்கொண்டது. அங்கே ஒருவர் தம் 1950-களின் பெட்டியைக் குறையறச் சீர்செய்து, கடைசிக் கரகரப்பையும் களைந்தபின், முன்னர் நிலையம் ஒலித்த இடத்தில் முள்ளை நிறுத்தினால் வெறுமையே கேட்கும். பழைய பெட்டிக்குள் புதிய மின்சுற்றை ஒளித்துவைத்துப் பண்பலை கேட்போர் உண்டு. அதைப் பொய் என்று சிலர் ஒதுக்குகின்றனர். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஆனால் இயந்திரத்தைப் பாதுகாக்க ஆள் இருந்து, அது கேட்ட குரலைப் பாதுகாக்க ஆள் இல்லாமற்போவது, ஏட்டுச்சுவடியின் நூற்கயிற்றைப் போற்றி எழுத்தைக் கரையானுக்கு விட்டதற்கு ஒப்பாகும்.