டொரண்டோ: மண்ணில்லா வேளாண்மையை எங்கே கற்பது?

ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் மண்ணில்லா வேளாண்மையைக் கற்க விரும்பும் டொரண்டோ மாணவர், நகருக்கு வெளியேதான் பார்க்க வேண்டியிருக்கிறது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் வேளாண் பீடம் இல்லை. ஆயினும், குவெல்ஃப் நகரில் 1874இல் தொடங்கப்பட்ட ஒண்டாரியோ வேளாண் கல்லூரியின் மாணவர்களுக்கு, 1964இல் குவெல்ஃப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை பட்டம் வழங்கிவந்தது அப்பல்கலைக்கழகமே.

குவெல்ஃபிலும் சான்றிதழில் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று எழுதித் தருவதில்லை. தாவர அறிவியல், தோட்டக்கலை ஆகிய படிப்புகளின் ஊடாகவே இத்துறைக்குள் நுழைய வேண்டும். விண்வெளிப் பயணிகளுக்கு உணவும் பிராணவாயுவும் தரக்கூடிய பயிர்களை, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அறைகளில் வளர்த்து ஆராய்ந்த கூடமும் இங்கேதான் உள்ளது.

தொழிற்பயிற்சியை நாடுவோர் செல்வது கல்லூரிகளுக்கு. கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்ட 2018ஆம் ஆண்டில், அதனை வணிகரீதியாகப் பயிரிடுவதற்கான படிப்பை நயாகரா கல்லூரி தொடங்கியது. சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஒளி, வெப்பம், ஈரப்பதம், கரியமில வாயு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் திறன் தக்காளிக்கும் அதேதான்.

செடியை நீரில் நிறுத்துவது எளிது. அந்நீரைப் பேணுவதே கடினம். பெரும்பாலான பயிர்களுக்குக் கரைசலின் அமில காரக் குறியீடு 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அது பிசகினால், உரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்சாது. ஒரே கரைசல் சுற்றிவரும் அமைப்பில் வேரழுகல் நோய் புகுந்தால் முழு விளைச்சலும் பாழாகலாம்.

யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவித்த குடும்பங்கள் பல இன்று ஸ்கார்பரோவில் வாழ்கின்றன. பயிரறிவு அவர்களுக்குப் புதிதல்ல. மின்கட்டணக் கணக்கு புதிது. தென்மேற்கு ஒண்டாரியோவின் லெமிங்டன் பகுதியில், சூரிய ஒளியைப் பயன்படுத்தும் கண்ணாடிக் கூடங்கள் பெரும் தொழிலாக வளர்ந்துள்ளன. மாறாக, செயற்கை ஒளியை நம்பிய அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் 2023இல் திவால் பாதுகாப்பு கோரியது. பவரி நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. பயிரியலோடு செலவுக் கணக்கையும் கற்பிக்காத படிப்பு அரைகுறையானதே.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 நவம்பர் 1 முதல் கல்வி அனுமதிக்கு விண்ணப்பித்துக் கல்லூரிப் படிப்பை முடிப்போர், படிப்புக்குப் பின்னரான வேலை அனுமதி பெற, அரசு பட்டியலிட்ட துறையொன்றில் பயின்றிருக்க வேண்டும். வேளாண்மை அப்பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் தகுதியைத் தீர்மானிப்பது படிப்பின் பெயரல்ல, அதற்குரிய குறியீட்டு எண். பட்டியல் 2025இலும் திருத்தப்பட்டதால், கட்டணம் செலுத்துமுன் அந்த எண்ணைச் சரிபார்ப்பது அவசியம். பல்கலைக்கழக இளங்கலைப் பட்டதாரிகளுக்கு இந்தத் துறை நிபந்தனை விதிக்கப்படவில்லை.