பரணில் கிடக்கும் பழைய கடிதங்களை எடைக்குப் போடுறீங்களா? ஒரு நிமிஷம்... தபால்தலை, அஞ்சலட்டை சேகரிப்பு பற்றிய முழு விளக்கம்

2025-ல் இந்திய அஞ்சல் துறையின் பதிவுத் தபால் சேவை, ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டின் கடைசியில், டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நார்ட் அந்த நாட்டில் கடித விநியோகத்தையே நிறுத்திக்கொண்டது. கடிதம் எழுதும் பழக்கம் குறைந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதில் பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இனி நம் வீடுகளில் புதிதாகக் கடிதங்கள் சேரப்போவதில்லை. ஏற்கெனவே இருப்பதுதான் கையிருப்பு. அதுவும் வெள்ளையடிக்கும்போதும், வீடு மாறும்போதும் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கம்பியில் குத்தி வைத்த அந்தக் கடிதங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? தபால்தலை சேகரிப்பவர்கள் எதை ரசிக்கிறார்கள்? காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு இதை எப்படித் தொடங்கலாம்? பார்க்கலாம்.

தபால்தலை எப்போது வந்தது?

தபால்தலை வருவதற்கு முன்பு, பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். அனுப்புபவரே முன்கூட்டி கட்டணம் செலுத்தட்டும் என்று பிரிட்டனில் ரோலண்ட் ஹில் முன்வைத்த சீர்திருத்தத்தில் பிறந்ததுதான் 'பென்னி பிளாக்'. 1840 மே மாதம் வெளிவந்த இதுதான் உலகின் முதல் ஒட்டும் தபால்தலை. விக்டோரியா மகாராணியின் முகம் மட்டும் இருக்கும், நாட்டின் பெயர் இருக்காது. இன்றுவரை பிரிட்டன் தன் தபால்தலையில் நாட்டின் பெயரை அச்சிடுவதில்லை. முதலில் வெளியிட்டவர்கள் என்பதால் கிடைத்த தனிச் சலுகை அது!

ஆசியாவின் முதல் தபால்தலை 1852-ல் சிந்து மாகாணத்தில் வெளிவந்த 'சிந்த் டாக்'. இந்தியா முழுமைக்குமான தபால்தலைகள் 1854-ல் வந்தன. அஞ்சலட்டை கொஞ்சம் லேட். 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் அறிமுகமாகி, 1879-ல் இந்தியாவுக்கு வந்தது. அப்போது விலை காலணா.

கார்டைப் பார்த்து காலத்தைச் சொல்லலாமா?

சொல்லலாம். இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சுவாரஸ்யமே அதுதான். வாலாஜாபாத் முகவரிக்கு வந்த ஒரு பழைய கார்டு கையில் இருக்கிறது, முத்திரையில் தேதி அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கவலை வேண்டாம், மற்ற தடயங்களைப் பார்க்கலாம்.

முதல் தடயம், பின்கோடு. இந்தியாவில் பின்கோடு அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15 அன்று. வாலாஜாபாத்தின் எண் 631605. முகவரியில் அந்த எண் இருந்தால், கார்டு அந்தத் தேதிக்குப் பிந்தையது என்று தாராளமாகச் சொல்லலாம். எண் இல்லாவிட்டால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது. பின்கோடு வந்த பிறகும் பல வருஷம் அதை எழுதாமல் விட்டவர்கள் ஏராளம். பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத்தையும், ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் வாலாஜாபேட்டையையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. வாலாஜாபேட்டையின் எண் 632513. இரண்டு ஊர்ப் பெயருமே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவை நினைவூட்டுபவை. தபால்காரருக்கு இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்ததே அந்த ஆறு இலக்கம்தான்.

இரண்டாவது, மாவட்டத்தின் பெயர். காஞ்சிபுரம் மாவட்டம் 1997-ல்தான் உருவானது. அதற்கு முன்பு வாலாஜாபாத் இருந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். அந்த மாவட்டத்துக்கு இடையில் சில ஆண்டுகள் 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்று பெயர். ஆக, முகவரியில் அந்தப் பெயர் இருந்தால் கார்டின் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கிவிடலாம். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தையது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் மாநிலத்தின் பெயர் 'தமிழ்நாடு' என்று அதிகாரபூர்வமாக மாறியது.

மூன்றாவது, தபால்தலையில் இருக்கும் விலை. அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு அச்சானது. 'நயா பைசா' என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. 1964-ல் 'நயா' போய் வெறும் 'பைசா' ஆனது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கார்டின் வயது ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். கூடவே ஒரு நாடு தன் நாணயத்தையும், ஒரு மாநிலம் தன் பெயரையும், ஓர் ஊர் தன் மாவட்டத்தையும் மாற்றிக்கொண்ட கதையும் தெரிந்துவிடும். இத்தனையும் உள்ளங்கை அளவு அட்டையில்!

வெளிநாட்டு தபால்தலையில் என்ன சுவாரஸ்யம்?

முதல் விளையாட்டு, நாட்டைக் கண்டுபிடிப்பது. 'ஹெல்வெட்டியா' என்று இருந்தால் சுவிட்சர்லாந்து. 'சுவோமி' என்றால் பின்லாந்து. 'மாக்யார் போஸ்டா' என்றால் ஹங்கேரி. 'நிப்பான்' என்றால் ஜப்பான். இலங்கைத் தபால்தலையில் சிங்களம், ஆங்கிலத்தோடு 'இலங்கை' என்று தமிழிலும் அச்சாகியிருக்கும். வெளிநாட்டு ஸ்டாம்பில் நம் எழுத்தைப் பார்ப்பது தனி சந்தோஷம்தான்.

சிலோன், மலேயா, பர்மா என்று பிழைக்கப் போனவர்கள் எழுதிய கடிதங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருந்தன. அந்தப் பெயர்களில் இன்று நாடுகள் இல்லை, தபால்தலைகள் மட்டும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் மலேயாவைப் பிடித்த ஜப்பானியர்கள், அங்கே ஏற்கெனவே இருந்த தபால்தலைகளின் மேலேயே தங்கள் முத்திரையை அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். ஆட்சி மாறியதை அந்த ஒரு துண்டுக் காகிதமே சொல்லிவிடும்.

சேகரிப்புக்கு ஒரு தலைப்பு வைத்துக்கொள்வதும் உண்டு. பறவை, ரயில், கிரிக்கெட் என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். தறிச் சத்தம் கேட்கும் ஊர்க்காரர்களுக்கு 'துணி' ஒரு நல்ல தலைப்பு. இந்திய அஞ்சல் துறை 2009-ல் பாரம்பரியத் துணிகள் வரிசையில் காஞ்சிபுரம் பட்டுக்குத் தபால்தலை வெளியிட்டது. 2011-ல் காந்தி படத்தைக் கதர்த் துணியிலேயே அச்சிட்டு 100 ரூபாய் தபால்தலை வந்தது. சுவிட்சர்லாந்து 2000-ல் எம்ப்ராய்டரி போட்ட தபால்தலையையே வெளியிட்டது! காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவுக்கு 1970-லும், நூற்றாண்டையொட்டி 2009-லும் தபால்தலைகள் வந்தன. திருவள்ளுவர், பாரதியார் இருவருக்கும் 1960-ல் வந்தன.

பிழைகளைத் தேடுவது இன்னொரு ரகம். 1949-ல் வந்த ஓரணா போதிசத்துவர் தபால்தலையில் சிலையின் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. அடுத்த ஆண்டே சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது சேகரிப்பாளர்களுக்குப் பிடித்த வேலை.

நிறைய பணம் கிடைக்குமா?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்காது. லட்சக்கணக்கில் அச்சாகும் சாதாரணத் தபால்தலைக்கு 50 வருஷம் கழித்தும் பெரிய விலை இருக்காது. விலையைத் தீர்மானிப்பது வயது மட்டும் இல்லை. எத்தனை மிச்சம் இருக்கின்றன, என்ன நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் விலை.

உதாரணத்துக்கு, 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த காந்தி 10 ரூபாய் தபால்தலை. அதிலேயே 'சர்வீஸ்' என்று மேலச்சு போட்டு கவர்னர் ஜெனரலின் அலுவலகப் பயன்பாட்டுக்காக மிகச் சில மட்டும் தயாரானது. அப்படிப்பட்ட நான்கு தபால்தலைகள் 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்பனையாகின. இந்தச் செய்தியைப் பார்த்து, வீட்டிலிருக்கும் காந்தி ஸ்டாம்பெல்லாம் கோடி போகும் என்று நினைக்க வேண்டாம். இந்த ரகத்தில் போலிகளும் அதிகம். 'உங்கள் பழைய ஸ்டாம்புக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது போன் செய்தால், அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தபால்தலையை வெட்டி எடுக்கலாமா?

வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் செய்யும் தவறு இது. உறையிலிருந்து தபால்தலையை மட்டும் கத்தரித்தால், முத்திரையில் பாதி போய்விடும். எந்த ஊரிலிருந்து, எப்போது, யாருக்கு, எந்த வழியாக வந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும். பழைய கவர், கார்டு, இன்லேண்ட் லெட்டர் எதுவாக இருந்தாலும் முழுசாக வைத்திருப்பதே நல்லது. தபால்தலை பல்லாயிரம் பேரிடம் இருக்கலாம், வாலாஜாபாத் முத்திரை விழுந்த அந்த ஒரு கடிதம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

படம் போட்ட அஞ்சலட்டைக்கும் இது பொருந்தும். 100 வருஷத்துக்கு முன்பு ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் கிளைன் போன்ற மெட்ராஸ் நிறுவனங்கள் தெருக்கள், கட்டடங்கள், தொழில் செய்யும் மனிதர்களின் படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றன. அன்று சில காசுக்கு விற்ற அப்படிப்பட்ட கார்டுகளை வைத்து, மெட்ராஸ், பெங்களூர் நகரங்களின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி ஒன்று 2018-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் நிறுவனத்தில் நடந்தது.

எப்படித் தொடங்குவது?

முதலில் வீட்டிலேயே தேடுங்கள். தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் இருக்கும் 'சின்னத்தம்பி' யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். சொல்வதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள், கார்டின் மேல் பேனா வைக்காதீர்கள்.

புதுத் தபால்தலைகள் வேண்டுமானால், 'பிலாட்டலி டெபாசிட் அக்கவுன்ட்' தொடங்கலாம். குறைந்தபட்சம் 200 ரூபாய் கட்டினால், புதிதாக வெளியாகும் தபால்தலைகள் வீட்டுக்கே வரும். சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் இதற்கென்றே பிலாட்டலி பீரோ இருக்கிறது. சென்னையில் தென்னிந்திய தபால்தலை சேகரிப்பாளர் சங்கமும் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது.

6 முதல் 9-ம் வகுப்பு மாணவர்களுக்கு 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகைத் திட்டம் 2017-ல் தொடங்கப்பட்டது. தபால்தலை பற்றிய வினாடி வினாவிலும் புராஜெக்ட்டிலும் தேர்வானால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். பள்ளி பிலாட்டலி கிளப்பில் உறுப்பினராகவோ, சொந்தமாக டெபாசிட் அக்கவுன்ட் வைத்தோ இருக்க வேண்டும். அறிவிப்பு எப்போது வரும் என்று அஞ்சலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உலகம் முழுக்க இருந்து கார்டு வர வேண்டுமா? 2005-ல் போர்ச்சுகல் நாட்டுக்காரர் ஒருவர் தொடங்கிய 'போஸ்ட்கிராசிங்' இதற்குத்தான். பதிவு செய்தால் ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் ஒருவரின் முகவரி கிடைக்கும். அவருக்கு ஒரு கார்டு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும், வேறொரு நாட்டிலிருந்து வேறொருவர் உங்களுக்கு அனுப்புவார். யார், எங்கிருந்து என்பது தபால்காரர் வந்து நிற்கும் வரை சஸ்பென்ஸ். உள்நாட்டு 50 காசு அஞ்சலட்டைக் கட்டணம் இதற்குப் போதாது, வெளிநாட்டுக் கட்டணத்துக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வீட்டு முகவரி கொடுக்க வேண்டியிருப்பதால், பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து செய்வது நல்லது.

பாதுகாப்பது எப்படி?

* விரலால் தொடாமல், நுனி மழுங்கிய இடுக்கியால் எடுக்கவும்.
* செலோடேப், பசை, லேமினேஷன் மூன்றும் கூடவே கூடாது.
* ஈரமும் நேரடி வெயிலும் படாத இடத்தில், ஸ்டாக் புக்கில் வைக்கவும். பூச்சி அரிக்கிறதா என்று அடிக்கடி பார்க்கவும்.
* சமீபத்திய சாதாரண உறைகளில் இருந்து மட்டும் தபால்தலையைப் பிரிக்கலாம். சுற்றிலும் காகிதம் விட்டு வெட்டி, சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். ஸ்டிக்கர் ரகங்களைத் தண்ணீரில் போட வேண்டாம்.
* செய்தித்தாள் மேல் காய வைத்தால் மை ஒட்டும், வெள்ளைத்தாள் போதும்.
* எதையும் தூக்கிப்போடுவதற்கு முன்பு இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைக்கவும்.

பெரிய செலவு எதுவும் இல்லாமல் தொடங்கக்கூடிய பொழுதுபோக்கு இது. ஆனால் ஒருமுறை எடைக்குப் போன கடிதம் திரும்பி வராது. அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, அந்தக் கட்டை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.