கேட்ஜெட்பிரிட்ஜ்

கேட்ஜெட்பிரிட்ஜ் ஒரு கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலி. ஸ்மார்ட் வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் ஆகியவை பதியும் நடை, இதயத் துடிப்பு, உறக்கம் பற்றிய விவரங்களை, அவற்றைச் செய்த நிறுவனத்தின் செயலி இல்லாமலே கைபேசியில் வாங்கிச் சேமிக்கிறது. ஏஜிபிஎல் உரிமத்தில் வெளியாகும் இதை எஃப்-டிராய்டு களஞ்சியத்திலிருந்து நிறுவலாம். கணக்குத் தொடங்க வேண்டாம். இணைய அனுமதியை அது கேட்பதும் இல்லை. அதனால் ஒருவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பது அவருடைய கைபேசியைத் தாண்டிப் போவதில்லை.

பெபிள் கடிகாரத்துக்காக 2015-இல் இது தொடங்கப்பட்டது. விரைவிலேயே ஷாவ்மியின் மி பேண்டும் சேர்ந்தது. 2016 இறுதியில் பெபிளின் மென்பொருள் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூனில் பெபிளின் சேவையகங்கள் நிறுத்தப்பட்டன. ஃபிட்பிட்டும் 2021 ஜனவரியில் கூகுளின் கைக்குப் போனது. கடையில் வாங்கிய கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சேவை நின்றுபோகலாம் என்பதற்குப் பெபிளே சாட்சி. இன்று அமேஸ்ஃபிட், ஹுவாவே, கார்மின், கேசியோ எனப் பல கருவிகளுடன் கேட்ஜெட்பிரிட்ஜ் பேசுகிறது. மூலநிரல் கோட்பெர்க் தளத்தில் இருக்கிறது.

சுதந்திரம் முழுமையானதல்ல. மி பேண்ட் 4 முதலான பல கருவிகளை இணைக்க ஒரு மறைகுறி வேண்டும். அதைப் பெற ஒருமுறையாவது நிறுவனத்தின் கணக்கைத் தொட்டாக வேண்டும். இதைவிடப் பெரிய குறை வேறு. அசைவுமானி காட்டும் அசைவையும், தோலில் பாயும் பச்சை ஒளி திரும்பி வரும் அளவையும் வைத்து, ‘இது ஆழ்ந்த உறக்கம்’ என்று பெரும்பாலும் தீர்மானிப்பது பேண்டுக்குள் இருக்கும் மூடிய நிரல். செயலி அந்த முடிவை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவே. உள்ளிருக்கும் நிரலையும் திறந்து பார்க்க விரும்புவோருக்கு பைன்64 நிறுவனத்தின் பைன்டைம், எஸ்ப்ருயினோ குழுவின் பேங்கிள்.ஜேஎஸ் ஆகியவை உண்டு. பைன்டைமின் 64 கிலோபைட் ரேமிலேயே இன்ஃபினிடைம் என்னும் கட்டற்ற நிரல் ஓடிவிடும். ஆனால் அதன் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழில் வரும் செய்தி கடிகாரத்தில் படிக்கக் கிடைக்காது.

உள்நிரல் திறந்ததோ மூடியதோ, திண்டுக்கல் சமவெளியின் அன்றாடம் இக்கருவிகளின் கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை. தைப்பூசத்தையொட்டிச் செட்டிநாட்டிலிருந்து நத்தம் வழியாக வரும் பாதயாத்திரைக் கூட்டத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனி இன்னும் சுமார் 60 கி.மீ. காவடியைப் பிடித்த கை ஆடுவதில்லை. மணிக்கட்டு வீச்சை வைத்து அடி எண்ணும் பேண்ட் அங்கே குறைத்தே எண்ணும். கைபேசியின் ஜிபிஎஸ் கொண்டு தொலைவை அளக்கும் ஓப்பன்டிராக்ஸ் என்னும் கட்டற்ற செயலியே அவ்வழிக்குப் பொருத்தம். கூகுள் கைவிட்ட மை டிராக்ஸிலிருந்து கிளைத்தது அது.

உறக்கக் கணக்கு இன்னும் சிக்கல். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்கள் விடியுமுன் தோட்டத்தில் இருப்பார்கள். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பகலில்தான் தூங்குவார்கள். மலிவான பேண்டுகள் சில இரவு நேரத்தில் மட்டுமே உறக்கத்தைத் தேடுகின்றன. பேண்டே பதியாத பகல் தூக்கத்தை எந்தச் செயலியாலும் வரவழைக்க முடியாது. பதிந்த விவரம் இருந்தால், கேட்ஜெட்பிரிட்ஜ் அதை எஸ்க்யூலைட் கோப்பாக ஏற்றுமதி செய்யும்; ஷிப்டுக்கு ஏற்ப ஒரு நாளின் தொடக்கத்தைப் பகல் பன்னிரண்டு மணியாக வைத்து ஒருவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். நிறுவனச் செயலிகள் பலவற்றில் இவ்வளவு எளிதாக மூலத் தரவு கைக்கு வராது.

சேவையகம் இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. கைபேசி தொலைந்தால் ஆண்டுக்கணக்கான பதிவும் அதோடு போகும். தானியங்கி ஏற்றுமதி வசதி அமைப்புகளில் இருக்கிறது. அந்தக் கோப்பை வேறிடத்தில் படியெடுத்து வைப்பது பயனரின் பொறுப்பு.